கப்பலிலும் ரயிலிலும் மொபிலிட்டி ஸ்கூட்டர் மக்கர் செய்தால் எதை முதலில் பார்ப்பது?

தண்டையார்பேட்டையில் பேட்டரி, சார்ஜர் பழுது பார்ப்பது என் தொழில். முன்பெல்லாம் என் மேஜையில் இன்வெர்ட்டரும் யூபிஎஸ்ஸும்தான் கிடக்கும். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்ப ஆரம்பித்தது. 2023 ஜூனில் எம்.வி. எம்பிரஸ் இலங்கைக்குப் புறப்பட்டது. அதே வருஷம் அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலும் ஓடத் தொடங்கியது. அதற்கப்புறம் மொபிலிட்டி ஸ்கூட்டர்களும், அதாவது நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டிகளும், கடைக்கு வர ஆரம்பித்தன. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருக்கிற வீடுகள் நிறைய. நடக்க முடியாத அம்மாவை, அப்பாவை ஊர் சுற்றிக் காட்ட அவர்கள் ஆசைப்படுகிறார்கள். வண்டி மக்கர் செய்வதால் அந்த ஆசை பாதி வழியில் நிற்கக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பயணத்தின் நடுவிலிருந்து எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவற்றில் வண்டி பழுதாகியே இருக்காது. லீவர் மாறியிருக்கும், பிளக் பொருந்தியிருக்காது, கேபினில் கரண்ட் நின்றிருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன். வரிசை மாறாமல் பாருங்கள்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர், இன்னொரு சாவி, வண்டியில் இருக்கும் அதே அளவு ஃபியூஸ் இரண்டு, வண்டியோடு வந்த ஆலன் கீ. மேனுவலில் பிழைக் குறிப்புகள் உள்ள பக்கம், சார்ஜர் லேபிள், பேட்டரி லேபிள் மூன்றையும் தெளிவாகப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல இடங்களில் அவை தேவைப்படும்.

## சாவியைத் திருப்பினால் ஒரு விளக்கும் எரியவில்லை

சாவியை அணைத்துவிட்டு, பத்து வரை எண்ணி, மறுபடி போடுங்கள். நிறைய ஸ்கூட்டர்கள் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் தாமாகவே அணைந்துவிடும். சாவி போட்டபடியே ரயிலில் உட்கார்ந்து வருவீர்கள், இறங்கும் நேரத்தில் விரல் லீவரை (வண்டியை ஓட்ட ஹேண்டிலில் விரலால் அழுத்துவது) அழுத்தினால் அசையாது. அணைத்துப் போட்டால் வந்துவிடும். ரயில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும் என்பதால் முந்தின ஸ்டேஷன் தாண்டியதுமே ஒரு தடவை அணைத்துப் போட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பேட்டரிப் பெட்டி முழுதாக உட்கார்ந்திருக்கிறதா? கனம் குறைக்க பெட்டியைத் தனியாகக் கழற்றித் தூக்கிக் கொடுப்பார்கள். திரும்ப வைக்கும்போது அரை அங்குலம் மேலே நின்றாலும் தொடர்பு கிடைக்காது. வெளியே எடுத்து, அடியில் உள்ள தகடுகளில் மணலோ பிளாஸ்டிக் துணுக்கோ இருக்கிறதா என்று பார்த்து, நேராக இறக்குங்கள்.

ரீசெட் பொத்தான். பெட்டியின் பக்கவாட்டிலோ சீட்டுக்கு அடியிலோ சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். அது வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ட்ரிப் ஆகியிருக்கிறது. ஒரு நிமிடம் ஆறவிட்டு அழுத்துங்கள். உடனே மறுபடி வெளியே வந்தால் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். எங்கோ ஷார்ட் இருக்கிறது, அது மெக்கானிக் வேலை.

முன்பாகத்துக்கும் பின்பாகத்துக்கும் நடுவிலுள்ள கனெக்டர். பிரித்து மாட்டும் வண்டிகளில் இது முக்கியம். டார்ச் அடித்துப் பாருங்கள். பின் வளைந்திருந்தாலோ பச்சைப் பூத்திருந்தாலோ காரணம் அதுதான். பச்சையை உலர்ந்த பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுக்கலாம். வளைந்த பின்னை நிமிர்த்தும்போது ஒரே ஒரு தடவைதான் வளைக்கலாம், இரண்டாம் தடவை ஒடிந்துவிடும்.

இத்தனைக்கும் அப்புறம்தான் மீட்டர். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு சேர்ந்து 24 வோல்ட். சார்ஜரைக் கழற்றி இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு அளந்தால், லெட் ஆசிட் பேட்டரி 25.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 24.4 என்றால் பாதி. 23.5-க்குக் கீழே என்றால் காலி. மீட்டரில் 25 காட்டியும் வண்டியில் விளக்கு எரியாவிட்டால் மிச்சம் இருப்பவை பெரும்பாலும் சாவி ஸ்விட்ச், மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் இரண்டும்தான். சாவி ஸ்விட்ச் மலிவு, கன்ட்ரோலர்தான் வண்டியிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்று. எது என்பதை மெக்கானிக் மேஜையில் வைத்துத்தான் சொல்ல முடியும். கப்பலில் வைத்துக் கவரைத் திறக்காதீர்கள்.

## விளக்கு எரிகிறது, வண்டி நகரவில்லை

இதற்குத்தான் எனக்கு அதிகம் போன் வரும். காசிமேட்டிலிருந்து ஒரு அக்கா கப்பல் ஏறுகிற இடத்திலிருந்தே கூப்பிட்டார். பின்னால் வரிசை நிற்கிறது, குரலில் அழுகை.

“அண்ணே, வண்டி செத்துப் போச்சுண்ணே. பீப் பீப்னு கத்துது.”

“யக்கா, பதறாதீங்க. பின் சக்கரத்துக்கு மேல மஞ்சளா ஒரு லீவர் இருக்கும். அது எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?”

“மேல தூக்கி இருக்கு.”

“சாவிய அணைச்சுட்டு அத கீழ அமுக்குங்க. இப்ப போடுங்க.”

வண்டி போய்விட்டது. மூட்டை தூக்குபவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதற்காக லீவரைத் தூக்கிவிட்டு, திரும்ப இறக்காமல் போயிருக்கிறார். இந்த லீவர் மோட்டாரையும் பிரேக்கையும் சக்கரத்திலிருந்து விடுவிக்கும். தூக்கிய நிலையில் வண்டி தானாக ஓடாது, பிரேக்கும் பிடிக்காது. வண்டியை யார் கையில் கொடுத்து வாங்கினாலும், ஏறி உட்காருவதற்கு முன் லீவரைத் தொட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

லீவர் சரியாக இருந்தும் நகரவில்லையா? அப்போது பீப் சத்தத்தையோ விளக்கு மின்னுவதையோ எண்ணுங்கள். நடுவில் இடைவெளி விட்டு மறுபடி அதே எண்ணிக்கை வரும். எண்ணின் அர்த்தம் வண்டிக்கு வண்டி மாறும், அதனால்தான் மேனுவல் பக்கத்தைப் போட்டோ எடுக்கச் சொன்னேன். புழக்கத்தில் உள்ள பல கன்ட்ரோலர்களில் 1, 2 என்றால் பேட்டரி இறங்கிவிட்டது, 5 என்றால் பிரேக் அல்லது அந்த லீவர், 6 என்றால் சாவி போடும்போதே விரல் லீவர் அழுந்தியிருந்தது. ஆறுக்குக் காரணம் பெரும்பாலும் ஹேண்டிலில் மாட்டிய பைதான். பையை எடுத்துவிட்டு அணைத்துப் போடுங்கள்.

பீப்பும் இல்லை, லீவரும் சரி என்றால் இன்னும் மூன்று இடங்கள் பாக்கி:

- சார்ஜர் ஒயர் இன்னும் செருகியிருக்கிறதா? செருகியிருக்கும்வரை வண்டி ஓடாதபடி வைத்திருப்பார்கள்.
- சார்ஜ் செருகும் ஓட்டையில் உப்புத் தண்ணீர் போயிருக்கிறதா? சில வண்டிகளில் அந்த ஈரத்தாலேயே சார்ஜர் மாட்டியிருப்பதாகக் கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள்.
- சீட் நேராகப் பூட்டியிருக்கிறதா? சீட்டைப் பக்கவாட்டில் திருப்பினால் ஓடாத மாடல்களும் உண்டு.

விரல் லீவரை அழுத்தும்போது பின்னால் ‘டிக்’ என்று கேட்கிறதா என்று காது கொடுங்கள். அது பிரேக் விடுபடும் சத்தம். டிக் கேட்டும் சக்கரம் சுற்றவில்லை என்றால் மோட்டார் ஒயரையோ, மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ்ஷையோ சந்தேகிக்கலாம். பிரஷ் மாற்றுவது சென்னையில் சின்னச் செலவு, சிங்கப்பூரில் கூலி எகிறும். வண்டி சில வருஷம் ஓடியிருந்தால் கிளம்புவதற்கு முன்பே பிரஷ் தேய்மானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

## சார்ஜ் ஏறவில்லை

கப்பலில் ராத்திரி சார்ஜ் ஏறாவிட்டால் மறுநாள் துறைமுகத்தில் இறங்க முடியாது. கூட வந்தவர்கள் எல்லாரும் ஊர் பார்க்கப் போக, ஒருவர் மட்டும் கேபினில் உட்கார்ந்திருப்பார். எனக்கு மனசு கேட்காதது இதுதான். ஆகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சார்ஜரில் எந்த விளக்கு எரிகிறது என்று முதலில் பாருங்கள், அதை வைத்து வழி பிரியும்.

### சார்ஜரில் விளக்கே இல்லை

கேபின் கதவுப் பக்கத்தில் கார்டு செருகும் இடம் இருக்கிறதா? பல கப்பல்களிலும் ஓட்டல்களிலும் அந்தக் கார்டை எடுத்தால் அறையில் கரண்ட் நின்றுவிடும். சாப்பிடப் போகும்போது கார்டை எடுத்துக்கொண்டு போகிறோம், அந்த நேரம் முழுக்க சார்ஜ் ஏறாது. தூங்கும் நேரம் மட்டும் போதாது, ஏனென்றால் காலியான லெட் ஆசிட் பேட்டரிக்கு 8 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். அறை உதவியாளரிடம் சொன்னால் வழி செய்து கொடுப்பார்.

அடுத்து, சாக்கெட் எத்தனை வோல்ட்? சொகுசுக் கப்பல் கேபின்களில் இரண்டு விதம் சாதாரணமாக இருக்கும். தட்டையான பின் போகும் அமெரிக்க மாதிரி 110 வோல்ட், உருண்டையான இரண்டு பின் போகும் ஐரோப்பிய மாதிரி 220 வோல்ட். சார்ஜர் லேபிளில் ‘இன்புட்’ என்ற வரியைப் படியுங்கள். 100–240 என்று போட்டிருந்தால் இரண்டிலும் வேலை செய்யும். 220–240 என்று மட்டும் போட்டிருந்தால் 110 சாக்கெட்டில் விளக்கே வராது, வந்தாலும் சார்ஜ் ஏறாது. ஐரோப்பிய சாக்கெட்டைத் தேடுங்கள். 110 அல்லது 115 மட்டும் போட்ட சார்ஜரை 220-ல் செருகவே கூடாது, செருகிய நொடியில் புகைந்துவிடும். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய வண்டிகளில் இப்படிப்பட்ட சார்ஜர் வருவதுண்டு. நம் வீட்டுச் சுவரில் செருகுவதற்கு முன்பே லேபிளைப் பாருங்கள். சில சார்ஜர்களில் 115/230 என்று சின்னதாக ஒரு தள்ளு ஸ்விட்ச் இருக்கும், அதையும் பாருங்கள்.

தரையில் இறங்கியபின்: சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டனில் மூன்று சதுரப் பின், 230 வோல்ட். இலங்கையிலும் இப்போது அதே சதுரப் பின்தான், பழைய கட்டடங்களில் நம்முடையது போன்ற உருண்டைப் பின்னும் உண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் உருண்டை இரண்டு பின், 230. ஜப்பானில் தட்டைப் பின், 100 வோல்ட் மட்டுமே.

இங்கே ஒரு வேலை செய்யலாம். பெரும்பாலான ஸ்கூட்டர் சார்ஜர்களில் சுவருக்குப் போகும் ஒயர் தனியாகக் கழன்று வரும். கம்ப்யூட்டருக்கு மாட்டுகிற அதே மாதிரி ஒயர். அப்படி இருந்தால் அடாப்டரே வேண்டாம். போகிற நாட்டு பிளக் உள்ள ஒயர் ஒன்றை பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். அடாப்டர் என்றால் கனம் தாங்காமல் தொங்கும், கப்பல் ஆட்டத்தில் கழன்றுவிடும், ராத்திரி நமக்குத் தெரியாது. ஒயர் வாங்கும்போது கையில் கனம் தெரிய வேண்டும். நூல் மாதிரி மெலிந்திருந்தால் வேண்டாம். பிரிட்டன் பிளக் என்றால் உள்ளே ஃபியூஸ் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோக வேண்டாம். சர்ஜ் பாதுகாப்பு உள்ள பாக்ஸைப் பல கப்பல் நிறுவனங்கள் ஏறும்போதே வாங்கி வைத்துவிடும், சில நிறுவனங்கள் எந்த எக்ஸ்டென்ஷனையும் விடுவதில்லை. சாக்கெட் தூரம் என்றால் பேட்டரிப் பெட்டியை மட்டும் கழற்றி மேஜை மேல் வைத்து சார்ஜ் போடலாம், நிறைய வண்டிகளில் அந்த வசதி உண்டு.

வேறொரு சாக்கெட்டில், வேறொரு ஒயரில் போட்டும் விளக்கு வரவில்லை என்றால் சார்ஜர் போயிருக்கிறது. சார்ஜரைப் பிரிக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். கப்பலின் உதவி மேஜையில் சொன்னால் அடுத்த துறைமுகத்தில் வாடகை ஸ்கூட்டரோ சார்ஜரோ ஏற்பாடு செய்ய முடியுமா என்று பார்ப்பார்கள். வோல்ட், ஆம்பியர், பிளக் மூன்றும் பொருந்தினால்தான் மாற்று சார்ஜர் உதவும். லித்தியம் பேட்டரிக்கு லெட் ஆசிட் சார்ஜரை மாட்டவே கூடாது.

### செருகியதுமே பச்சை, ஆனால் பேட்டரி காலி

சார்ஜருக்கு பேட்டரி தெரியவில்லை என்று அர்த்தம். உருண்டை மூன்று பின் பிளக் முழுதாகப் போயிருக்கிறதா, பின்னில் பச்சை பூத்திருக்கிறதா, பெட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சார்ஜ் வழியில் உள்ள ஃபியூஸ்.

எல்லாம் சரி என்றால் பேட்டரியை அளங்கள். 20 வோல்ட் அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கியிருந்தால் இன்றைய சார்ஜர்கள் பல அதை ஏற்காது. வண்டியை மாதக்கணக்கில் மூலையில் நிறுத்திவிட்டுப் பயணத்துக்கு முன்தினம் எடுப்பவர்களுக்கு இதுதான் நடக்கிறது. சென்னைக் கடை என்றால் மெதுவாக ஏற்றிப் பார்ப்போம். கப்பலில் வழி இல்லை. மீட்டரை வெறும் சார்ஜர் முனையில் வைத்து, பூஜ்யம் காட்டினால் சார்ஜர் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பேட்டரி மாட்டினால்தான் வோல்ட் தரும் சார்ஜர்கள் நிறைய. மாட்டிய நிலையில் பேட்டரியில் 27 முதல் 29 வோல்ட் வரை ஏறினால் சார்ஜர் நன்றாக இருக்கிறது.

### ராத்திரி முழுக்க சிவப்பு, பச்சைக்கு மாறவே இல்லை

பேட்டரி இரண்டில் ஒன்று படுத்திருக்கலாம். தனித்தனியாக அளக்க முடிந்தால் அளங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட் வித்தியாசம் இருந்தால் ஜோடியாக மாற்ற வேண்டியதுதான். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

பெட்டி கை வைக்க முடியாத சூடு, உப்பல், புளித்த நாற்றம் — இதில் எது இருந்தாலும் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கப்பல் ஊழியரைக் கூப்பிடுங்கள். லித்தியமாக இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். நடுக்கடலில் தீ என்பது ஊரே சேர்ந்து ஆபத்தில் சிக்குவது. சொல்லக் கூச்சப்படாதீர்கள், அவர்கள் திட்ட மாட்டார்கள்.

## முழு சார்ஜ் காட்டுகிறது, பாதி வழியில் படுத்துவிடுகிறது

முதலில் தரையைப் பாருங்கள். கப்பல் தாழ்வாரத்துத் தடித்த கம்பளத்தில் வண்டி கூடுதல் கரண்ட் இழுக்கும். காற்று நிரப்பும் டயர் என்றால் காற்றைப் பாருங்கள், டயரின் பக்கத்திலேயே அளவு அச்சிட்டிருக்கும்.

அடுத்தது குளிர். நம் ஊரில் வருஷம் முழுக்க வெயில் என்பதால் யாரும் யோசிப்பதில்லை. லெட் ஆசிட் பேட்டரி 0 டிகிரிக்குப் பக்கத்தில் கால்வாசித் தெம்பை இழந்துவிடும். பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ குளிர்காலத்தில் ரயில் ஏறுபவர்கள் திருவொற்றியூரில் ஓடிய தூரத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. ராத்திரி பேட்டரியை அறைக்குள் வைத்து சார்ஜ் போடுங்கள்.

அதற்கும் மேல் என்றால் வயசு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 8, 10 டிகிரிக்கும் இந்தப் பேட்டரிகளின் ஆயுள் பாதியாகும். தகர ஷெட்டில், வெயில் படும் திண்ணையில் நிறுத்தி வைத்தால் இரண்டு வருஷம்கூடத் தாங்காது. சோதிக்க ஒரு எளிய வழி: முழு சார்ஜில், மீட்டரை மாட்டிக்கொண்டு, சரிவில் ஏற்றச் சொல்லுங்கள். ஏறும்போது 24-க்குச் சற்றுக் கீழே இறங்கி, நின்றதும் மேலே வந்தால் பரவாயில்லை. 21-க்குக் கீழே விழுந்தால் அந்த ஜோடியை நம்பிக் கப்பல் ஏறாதீர்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே மாற்றி, சில தடவை ஓட்டிப் பாருங்கள்.

## கேங்வேயிலோ ரயில் பலகையிலோ ஏறாமல் நின்றுவிடுகிறது

மூன்று மாதிரி நிற்கும்.

வயிறு தட்டி நிற்பது. கேங்வே, அதாவது கப்பலில் ஏறும் சாய்வுப் பாலம், முடியும் இடத்தில் மேடு இருக்கும். சின்ன பயண ஸ்கூட்டர்களில் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் இடைவெளி. பின்சக்கரம் தொங்கி வீணாகச் சுற்றும். விரல் லீவரை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். இறங்கி, வெறும் வண்டியை இரண்டு பேர் தூக்கித் தாண்டவிடுங்கள். கடல் மட்டம் ஏறி இறங்குவதைப் பொறுத்துக் கேங்வே சரிவு மாறும். இப்போது செங்குத்தாக இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து இறங்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

நடுச்சரிவில் கரண்ட் போவது. கன்ட்ரோலர் சூடாகித் தன்னைக் காத்துக்கொள்கிறது, அல்லது ரீசெட் பொத்தான் குதித்திருக்கிறது. பத்து நிமிடம் ஆறவிடுங்கள். கூடையில் உள்ள சாமானை இறக்குங்கள். சரிவுக்கு நேராக நின்று, நிதானமான ஒரே வேகத்தில் ஏறுங்கள். நடுவில் நிறுத்தி மறுபடி கிளப்பினால்தான் கரண்ட் அதிகம் இழுக்கும்.

இடுக்கில் மாட்டுவது. பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே பலகை போட்ட பிறகும் குறுக்காக ஏறினால் முன் சக்கரம் விளிம்பில் விழும். நேராக, மெதுவாக. பலகை போடாமல் யாரும் ‘ஏறிடலாம், வாங்க’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சமதரையிலும் இழுவை இல்லை, ஒரு பக்கம் இழுக்கிறது, கரகரவென்று சத்தம் வருகிறது என்றால் கியர்பாக்ஸ் அல்லது பேரிங். மெக்கானிக்கிடம்தான்.

## நிறுத்தினாலும் உருளுகிறது

இதற்கு நான் ஒரே ஒரு சோதனைதான் சொல்வேன். அந்த மஞ்சள் லீவரை ஓட்டும் நிலைக்கு அமுக்கி, சாவியை அணைத்து, சமதரையில் வெறும் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். அசையாவிட்டால் சரி. அசைந்தால் பிரேக் போய்விட்டது. அதில் யாரையும் உட்கார வைக்காதீர்கள், கேங்வே பக்கமே கொண்டுபோகாதீர்கள். கயிறு கட்டி, கட்டை வைத்து ஒப்பேற்ற இடமே இல்லை. நேராக மெக்கானிக்.

பிரேக் நன்றாக இருக்கும் வண்டியும் கடல் ஆட்டத்தில் நகரும். கேபினில் சுவரோடு ஒட்டி, சாவியை எடுத்து, லீவர் ஓட்டும் நிலையில் நிறுத்துங்கள். ஓடும் ரயிலிலும் அப்படியே. முடிந்தால் வண்டியிலிருந்து இறங்கி இருக்கையில் உட்காருங்கள், ஆட்டத்தில் ஸ்கூட்டர் கவிழ வாய்ப்பு அதிகம்.

## கடல் தண்ணீரோ மழையோ பட்டுவிட்டது

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம், காசிமேடு ஓரம் இருக்கிற வண்டிகளைக் கழற்றினால் டெர்மினல் முழுக்கப் பச்சைப் பொடி. கடல் காற்றே அந்த வேலையைச் செய்துவிடும், கப்பல் மேல்தளத்தில் சாரலும் சேரும். பட்டதும் அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். ஹோஸ் வைத்து அடிக்கவே கூடாது. சார்ஜ் ஓட்டையைக் கீழே பார்க்கச் சாய்த்துக் காயவிடுங்கள். ஈரம் முழுதும் போனபின் சாவி போடுங்கள், சார்ஜ் அதற்கும் அப்புறம். கிளம்பும் முன் டெர்மினலைச் சுத்தம் செய்து, இறுக்கி, மேலே வாசலின் மெல்லிசாகத் தடவி வைத்தால் போதும்.

வெள்ளத்தில் மோட்டார் மூழ்கிய வண்டி என்றால் காய்ந்து ஓடினாலும் நம்பாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கி, ‘நல்லாத்தான் ஓடுது’ என்று வைத்திருந்த வண்டிகளின் பிரேக் சுருள் மாதங்கள் கழித்துத் துருவேறிப் பழுதானதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பயணத்துக்கு முன் ஒரு தடவை முழுதாகப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

## வண்டி நன்றாக இருக்கிறது, ஆனால் ஏற்ற மறுக்கிறார்கள்

இதற்கும் சின்னக் காரணம், பெரிய காரணம் என்று வரிசை உண்டு.

அளவு. 70 சென்டிமீட்டர் அகலம், 120 சென்டிமீட்டர் நீளம், ஆளோடு சேர்த்து 300 கிலோ. ஐரோப்பிய ரயில்களில் சக்கர நாற்காலி இடம் இந்தக் கணக்கில்தான் கட்டப்படுகிறது, பிரிட்டனிலும் அப்படியே. சிங்கப்பூரிலும் இதே அகலம், நீளம், எடைதான். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கவிழாச் சக்கரங்களையும் கூடையையும் சேர்த்து வீட்டிலேயே டேப் வைத்து அளங்கள். கூடையைக் கழற்றினாலே உள்ளே வந்துவிடும் வண்டிகள் உண்டு.

முன்கூட்டிச் சொல்லாதது. ஐரோப்பிய ஒன்றிய ரயில்களில் 24 மணி நேரம் முன்பு உதவி கேட்க வேண்டும் என்பது 2023 ஜூன் முதல் உள்ள விதி. சில நாடுகளுக்கு 36 மணி நேரம் வரை விலக்கு கொடுத்தார்கள், அதனால் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். பிரிட்டனில் 2 மணி நேரம் முன்பு கேட்டாலே போதும். இறங்கும் ஸ்டேஷனிலும் பலகையோடு ஆள் வர வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்கூட்டர் என்பதே காரணம். சக்கர நாற்காலியை ஏற்றும் ரயில் நிறுவனம் ஸ்கூட்டருக்குத் தனி அனுமதி அட்டை கேட்கலாம், பிரிட்டனில் இது சகஜம். மடக்கும் வண்டி என்றால் மடக்கிச் சாமானாக ஏற்றலாம். ரயில் பெட்டிக்குள் வளைத்துத் திருப்ப மூன்று சக்கர வண்டி நான்கு சக்கரத்தைவிட வசதி.

கேபின் கதவு. கப்பலில் ஸ்கூட்டரைத் தாழ்வாரத்தில் நிறுத்த விடமாட்டார்கள், அது தீ வந்தால் ஓடும் வழி. கேபினுக்குள் போயாக வேண்டும். சாதாரண கேபின் கதவுகள் பல 60 சென்டிமீட்டர்கூட இருக்காது, மாற்றுத்திறனாளிகளுக்கான கேபினில் 80 அளவில் இருக்கும். டிக்கெட் போடும்போதே அந்த கேபினைக் கேளுங்கள், எண்ணிக்கை குறைவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பேட்டரி. திரவ ஆசிட் ஊற்றும் பேட்டரியைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். ஜெல், ஏஜிஎம் போன்ற சீல் செய்த பேட்டரி பெரும்பாலும் பிரச்சினை இல்லை. லித்தியம் என்றால் வாட்-மணி (பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் தேங்கும் என்ற அளவு) கணக்கும் சோதனைச் சான்றும் கேட்பார்கள், வண்டி வாங்கிய கடையில் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் பிடிக்க விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: மடக்கும் வண்டியின் கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி ஒன்று என்றால் 300 வாட்-மணி வரை, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வரைதான். கேபின் பையில் கையோடு போக வேண்டும்.

சின்னப் படகில் இறங்கும் துறைமுகம். கப்பல் கரை சேராமல் தூரத்தில் நின்று படகில் கொண்டுபோய் விடும் ஊர்களில் கனமான ஸ்கூட்டரை ஏற்றமாட்டார்கள். இதில் வாதாடிப் பயன் இல்லை. எந்தெந்தத் துறைமுகம் அப்படி என்று முன்பே கேட்டு, அந்த நாளுக்குக் கையால் தள்ளும் மடக்கு நாற்காலி ஒன்றைச் சேர்த்து எடுத்துப் போங்கள். நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலுக்கும் ஏறும் வசதியைப் போனில் கேட்டபின் டிக்கெட் போடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் சேவையே நிற்பதுண்டு, அந்த மாதங்களைத் தவிர்க்கலாம்.

இத்தனையும் சரியாக இருந்தும் வாசலில் நிறுத்தினால், அங்கே நிற்கும் ஊழியரிடம் சண்டை போடாமல், அந்த நிறுவனத்தின் மாற்றுத்திறனாளி உதவிப் பிரிவில் இருந்து முன்பு வந்த மின்னஞ்சலைக் காட்டுங்கள். வண்டியின் நீளம், அகலம், எடை, பேட்டரி வகை நான்கும் அந்த மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கும்படி முதலிலேயே கேட்டு வாங்கி, ஒரு காகிதப் பிரதியை சீட்டுக்கு அடியில் உள்ள பையில் போட்டு வையுங்கள்.